எல்லாருக்கும் எல்லாமாவது எப்படி? திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் செருப்புத் தேடுகிற நேரத்தில்தான் ஆட்கள் தங்கள் உண்மையான கேள்வியைக் கேட்பார்கள். பல வருடமாக வேதபாட வகுப்பு எடுக்கிறேன். கேட்கிற முகம் மாறுகிறது, கேள்வி அப்படியேதான் வருகிறது: மற்றச் சமயத்து ஆட்களிடம் எங்கள் விசுவாசத்தை எப்படிச் சொல்வது? அதனால் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே கேள்விகளை எழுதி, நான் சொல்லிவருகிற பதில்களைக் கீழே வைத்திருக்கிறேன். நான் உப்புவெளிப் பக்கம் சைவக் குடும்பத்தில் பிறந்து, இருபத்திரண்டு வயதில் ஞானஸ்நானம் எடுத்த ஆள். வசனங்கள் சபையில் நாம் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பில் உள்ளவை.

ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரிக் கதைச்சா அது நடிப்புத்தானே?

பவுலின் ஒரு வரியிலிருந்துதான் இந்தக் கேள்வி வருகிறது: "எப்படியாகிலும் சிலரை இரட்சிக்கும்படிக்கு நான் எல்லாருக்கும் எல்லாமானேன்" (1 கொரிந்தியர் 9:22). அதை மட்டும் பிடுங்கி வாசித்தால் பச்சோந்தி மாதிரித்தான் தெரியும். மூன்று வசனம் மேலே போய்ப் பாருங்கள். "நான் ஒருவருக்கும் அடிமைப்படாதவனாயிருந்தும்... என்னைத்தானே எல்லாருக்கும் அடிமையாக்கினேன்" என்று தொடங்குகிறார். அடிமை எசமான் வீட்டு நேரத்துக்கு எழும்புகிறான், அந்த வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிடுகிறான். சிரமம் முழுக்க அவனுக்கு. நடிக்கிறவர் தனக்கு ஏதோ கிடைக்கும் என்று வேஷம் மாற்றுவார். பவுலோ தனக்கு வரவேண்டிய சம்பளத்தையே வேண்டாமென்று விட்டதைச் சொல்கிற அதே அதிகாரத்தில் இதை எழுதுகிறார்.

எங்கள் ஒழுங்கைக்குக் காலையில் மீன் கொண்டுவருகிறவர் எங்கள் வாசலில் "மீன், மீன்" என்பார். நாலு வீடு தள்ளி ஒரு சிங்களக் குடும்பம். அங்கே "மாளு, மாளு". அந்த அம்மாவுக்குச் செதிள் சுரண்டித் துண்டு போட்டுக் கொடுப்பார், எங்களுக்குத் தலையோடு முழுசாகத் தருவார். பெட்டியில் கிடப்பது ஒரே பாரை மீன், விலையும் ஒன்று. அவரை யாரும் நடிக்கிறார் என்று சொன்னதில்லை.

பவுல் சொன்னது சரி. உண்மையில அப்பிடி ஆள் பார்த்துக் கதைச்சவரா?

அப்போஸ்தலர் நடபடிகளில் 13, 14, 17 ஆகிய மூன்று அதிகாரங்களையும் ஒரே இருப்பில் வாசியுங்கள். 13இல் ஜெப ஆலயத்தில் யூதர்கள் நடுவே நிற்கிறார். எகிப்து, சாமுவேல், தாவீது என்று அவர்களுடைய சரித்திரத்தையே சொல்கிறார். 14இல் லீஸ்திரா. அந்த ஊர்ச் சனம் அவரையும் பர்னபாவையும் தேவர்கள் என்று நினைத்து, காளைகளைப் பலியிடக் கொண்டுவந்துவிட்டது. அங்கே ஒரு வேத வசனமும் எடுக்கவில்லை. மழை, விளைச்சல், வயிறு நிறைந்த சந்தோஷம், இவ்வளவுதான். 17இல் அத்தேனே பட்டணத்தின் படித்த ஆட்கள். "அறியப்படாத தேவனுக்கு" என்று அவர்கள் கட்டிவைத்த பலிபீடத்தில் தொடங்கி, அவர்களுடைய புலவரின் வரியையே எடுத்துச் சொல்கிறார்.

ஆனால் ஜெப ஆலயத்திலும் சரி, அத்தேனேயிலும் சரி, பேச்சு போய் நிற்கிற இடம் உயிர்த்தெழுதல். அத்தேனேயில் அதைச் சொன்னதும் சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வரும் என்று தெரிந்தும் அவர் அதை விட்டுவிடவில்லை.

இயேசுவும் அப்படித்தான். இரவில் வந்த போதகர் நிக்கொதேமுவிடம் கடுமையாகத் தொடங்கினார். நடுப்பகலில் கிணற்றடிக்கு வந்த சமாரியப் பெண்ணிடம் "தாகத்துக்குத் தா" என்று கேட்டுத் தொடங்கினார். யூதன் ஒருவன் தன் கையால் தண்ணீர் கேட்பான் என்று அந்தப் பெண் நினைத்தே இருக்கமாட்டாள். கொடுக்கிறவராக இல்லாமல், கேட்கிறவராக அங்கே போய் இருந்தார்.

நான் ஓ.எல் கூடச் சரியாப் பாஸ் பண்ணேல்ல. மற்றச் சமயமெல்லாம் படிக்கோணுமா?

தேவையில்லை. பக்கத்து வீட்டு ஆளைத் தெரிந்துகொண்டால் போதும். கோணேசர் கோயிலுக்குப் போகிற எல்லாரும் சைவ சித்தாந்தம் படித்தவர்களல்ல, நாமும் இறையியல் படித்துவிட்டுச் சபைக்குப் போகவில்லை. அவர் எதற்கு நேர்ந்து வைத்திருக்கிறார், எதற்குப் பயப்படுகிறார், பிள்ளைகளைப் பற்றி என்ன கவலை என்று தெரிந்திருக்கிறதா? இல்லையென்றால் இன்னும் கதைக்கவேண்டிய நேரம் வரவில்லை, கேட்கிற நேரம்.

முதல் சொல் என்ன சொல்றது? ஒரு வசனத்தோட தொடங்கலாமா?

வேண்டாம். 1 பேதுரு 3:15 நம்மிடம் காரணம் கேட்கிறவருக்குப் பதில் சொல்ல ஆயத்தமாயிருக்கச் சொல்கிறது, அதையும் "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" சொல்லச் சொல்கிறது. முதலில் அவர் கேட்கவேண்டும். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவருக்குக் கந்தளாய் வரைக்கும் வசனம் சொன்னேன் என்று ஒரு தம்பி சந்தோஷமாக வந்து சொன்னார். அவர் கந்தளாயில் இறங்கவேண்டியவரா, தப்புவதற்காக இறங்கினாரா என்று எனக்கு இன்றைக்கும் யோசனை.

நாங்க சொல்றது வெளி ஆக்களுக்கு ஏன் விளங்குதில்லை? தமிழ்தானே கதைக்கிறம்?

சபைத் தமிழ் ஒரு தனித் தமிழ். சைவ வீட்டில் வளர்ந்தபடியால் அது எனக்கு நன்றாகத் தெரியும். "நீ மறுபடியும் பிறக்கவேண்டும்" என்று ஒரு அண்ணா முதல்முதல் என்னிடம் சொன்னபோது எனக்கு நெஞ்சு திக்கென்றது. எங்கள் அம்மம்மா ஒவ்வொரு நாளும் கும்பிட்டது இனிப் பிறவாமல் இருப்பதற்கு! இவர் என்னடாவென்றால் இன்னொரு பிறவி எடுக்கச் சொல்கிறார் என்று நினைத்தேன். யோவான் 3இல் வருவது மறுபிறவி அல்ல, மேலேயிருந்து கிடைக்கிற புது உயிர் என்று விளங்க எனக்கு ஒரு வருடம் எடுத்தது. "நித்திய ஜீவன்" என்ற சொல்லும் அப்படித்தான். வாழ்க்கையே துன்பம், இதிலிருந்து விடுபட்டால் போதும் என்றிருக்கிறவருக்கு, முடியாத வாழ்க்கை தருகிறேன் என்றால் அது நற்செய்தியாகக் கேட்காது. கடவுளோடு இருப்பது, பயமில்லாமல் இருப்பது என்று விரித்துச் சொல்லவேண்டும்.

"இரத்தத்தால் கழுவப்பட்டேன்" என்பதை வெள்ளிக்கிழமை மரக்கறி சமைக்கிற வீட்டில் போய்ச் சொல்லிப் பாருங்கள். முகம் சுளிக்கும். அந்தச் சொல்லை மறைக்கச் சொல்லவில்லை. அதன் பின்னால் உள்ள கதையை முதலில் சொல்லுங்கள்: எங்களுக்காக ஒருவர் தன் உயிரைக் கொடுத்தார் என்று. "பாவம்" என்று சொன்னாலும் பார்த்துச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் "ஐயோ பாவம்" என்பது இரக்கத்துக்குச் சொல்கிற சொல். "நீ பாவி" என்றால் பழிச்சொல்.

பக்கத்து வீட்டால பொங்கல், பிரசாதம் தந்தா வாங்கலாமா?

என்னிடம் அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். இதில் நான் பிழை விட்ட ஆள். ஞானஸ்நானம் எடுத்த புதிது. அந்தத் தைப்பொங்கலுக்குப் பக்கத்து வீட்டு மாமி எவர்சில்வர் தட்டில் வாழையிலைத் துண்டு போட்டு, புக்கை, வடை, இரண்டு கதலிப்பழம் வைத்து வேலிக்கு மேலால் நீட்டினா. வாங்கினேன். உள்ளே கொண்டுபோய்ப் பின்பக்கத்தால் கோழிக்குக் கொட்டினேன். தட்டைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்தால் மாமி தன் கிணற்றடியில் நிற்கிறா. கோழிகள் புக்கைக்குள் கஜுவைத் தேடிக் கொத்துவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறா. தட்டை வாங்கும்போது, "பிள்ளைக்கு இனிப்புப் பிடிக்காதோ" என்று மட்டும் கேட்டா. பிறகு பதினொரு வருடம் அந்த வேலிக்கு மேலால் ஒரு தட்டும் வரவில்லை.

பவுல் இதற்கு 1 கொரிந்தியரில் 8 முதல் 10 வரை மூன்று அதிகாரம் செலவழிக்கிறார். சுருக்கம் இதுதான்: விக்கிரகம் ஒன்றுமில்லை, சாப்பாடு கடவுளுடையது. ஒருவர் விருந்துக்குக் கூப்பிட்டால் வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிடு (10:27). "இது படைத்தது" என்று ஒருவர் குறிப்பாகச் சொன்னால், அவருடைய மனச்சாட்சிக்காக விடு (10:28). கோயிலில் பந்தியிருப்பது வேறு, அதற்குப் போகாதே. ஆகவே பொங்கல் தட்டை நான் இன்றைக்கு வாங்கிச் சாப்பிடுவேன். தீபாராதனை எடுத்துக் கையில் தருகிற பிரசாதத்தை, "கோபிக்காதையுங்கோ மாமி, நான் எடுக்கிறேல்ல" என்று கைகூப்பிச் சொல்வேன். வேறு விசுவாசிகள் இரண்டையும் எடுக்கமாட்டார்கள்; அவர்கள் மனச்சாட்சியை நான் குறை சொல்லமாட்டேன். எடுக்காவிட்டால் முகத்துக்கு முன்னால் எடுக்காமல் இருங்கள். வாங்கிக் கோழிக்குப் போடுவதைப் போல் இன்னொரு அவமானம் கிடையாது.

சைவ ஆக்கள் "எல்லா ஆறும் கடலுக்குத்தான் போகுது" எண்டு முடிச்சிடுவாங்க. அதுக்கு மேல என்ன சொல்றது?

பலர் அதை வாதமாகச் சொல்வதில்லை. மரியாதையாகக் கதவைச் சாத்துகிறார்கள். இந்த ஊரில் அதற்குக் காரணமும் உண்டு. சுவாமி மலையில் இருந்த கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் 1622இல் இடித்து, அந்தக் கல்லைக் கோட்டை கட்ட எடுத்தார்கள். சம்பந்தர் பாடிய தலம் அது. இன்றைக்குக் கோயிலுக்குப் போகிற ஒவ்வொருவரும் அந்தக் கோட்டை வாசலால்தான் போகிறார்கள். அதற்குப் பிறகு ஒல்லாந்தர் காலத்தில் அரசாங்க உத்தியோகம் வேண்டுமென்றால் ஞானஸ்நானம் எடுக்கவேண்டும் என்ற நிலை. பதவிக்காகப் பெயர் கொடுத்துவிட்டு வீட்டில் விபூதி பூசிய சனம் எத்தனை! நாங்கள் வாயைத் திறக்கும்போது எதிரே இருக்கிறவருக்கு இதெல்லாம் ஞாபகம் வரும். வராது என்று நினைத்துக் கதைக்கக்கூடாது. அந்த இடிப்பு பாவம் என்று முதலில் நாங்களே சொல்லவேண்டும். நான் சொல்கிறேன்.

அதன் பிறகு ஆற்றையும் கடலையும் பற்றி விவாதிக்கப் போவதில்லை. "நீங்க கும்பிடேக்க என்ன கேக்கிறீங்க?" என்று கேட்பேன். அருள், அடைக்கலம், அன்பு என்று பதில் வரும். இந்தச் சொற்கள் எங்களுக்கும் சொந்தம். அந்த அருள் எனக்கு எந்த முகத்தோடு வந்தது என்று என் கதையைச் சொல்வேன். வித்தியாசம் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்பேன். எல்லாம் ஒன்று என்று தலையாட்டிவிட்டு வந்தால் அவருக்கும் மரியாதையில்லை, எனக்கும் இல்லை.

முஸ்லிம் ஆக்களோட ஈஸா நபி எண்டு சொல்லலாமா, இயேசு எண்டுதான் சொல்லோணுமா?

2012 குடிசன மதிப்பீட்டில் எங்கள் மாவட்டத்தில் பத்துப் பேரில் ஏறத்தாழ நாலு பேர் முஸ்லிம்கள். ஆனபடியால் இது நாளாந்தக் கேள்வி. ஈஸா நபி என்று சொல்லித் தொடங்குவதில் பிழையில்லை. அவர் கன்னியான மர்யமிடம் பிறந்தவர் என்று அவர்கள் நம்புகிறார்கள். குர்ஆனின் 19ஆவது ஸூரா அந்தத் தாயின் பெயரிலேயே இருக்கிறது. ஆனால் அவர் சிலுவையில் கொல்லப்படவில்லை என்பது அவர்கள் விசுவாசம் (4:157). "தேவ குமாரன்" என்றால் கடவுளுக்கு மனைவி இருந்து பிள்ளை பிறந்தது என்று அவர்களுக்குக் கேட்கும். அப்படி ஒருவன் சொன்னால் நாங்களும் எதிர்ப்போம் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் விளக்கவேண்டும். ஈஸா நபி என்று தொடங்கி அந்த இடத்திலேயே நின்று, நாங்களும் அவரை நபி என்று மட்டும் நம்புகிற மாதிரிக் காட்டினால், அதுதான் முதல் கேள்வியில் சொன்ன நடிப்பு.

சொல்லைவிட நடத்தை முக்கியம். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்க முன்னர் மிதக்கும் பாதையில்தான் அக்கரைக்குப் போவோம். அப்படிப் போன ஒரு நாள், எனக்குத் தெரிந்த நானா வீட்டில் பாயில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தோம். வேதாகமத்தைப் பக்கத்தில் நிலத்தில் வைத்திருந்தேன். அவருடைய வாப்பா எழும்பி வந்து, ஒரு சொல்லும் பேசாமல், அதை இரண்டு கையாலும் எடுத்து அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டுத் திரும்பப் போய் இருந்தார். அவர்கள் தங்கள் வேதத்தைக் காலடியில் வைக்கமாட்டார்கள். எங்கள் வேதத்தையும் வைக்கவிடவில்லை. அன்றைக்கு அந்த வீட்டில் பாடம் படித்தது நான். நோன்பு நேரம் அவர்களுக்கு முன்னால் தண்ணீர்ப் போத்தலைத் திறக்காதீர்கள். பெண்களோடு பெண்கள் கதையுங்கள்.

சிங்கள ஆக்களோட எப்பிடி? என்ர சிங்களம் சந்தைச் சிங்களம்தான்.

அது போதும். எங்கள் பக்கம் முப்பது வருட யுத்தத்தின் பிறகு, ஒரு தமிழ் ஆள் பிழை பிழையாகச் சிங்களம் கதைக்க முயற்சி எடுப்பதே அந்த வீட்டில் ஒரு செய்தி. "தெவியோ" என்ற சொல்லில் கவனமாயிருங்கள். பௌத்தருக்கு அது கதிர்காமத் தெய்வத்தைப் போல உதவி செய்கிற, ஆனால் தானும் பிறந்து இறக்கிற ஒருவர். உலகத்தைப் படைத்தவர் என்ற எண்ணமே அவர்கள் படித்த தர்மத்தில் இல்லை. ஆகவே "கடவுள் உன்னை நேசிக்கிறார்" என்று தொடங்கினால், எந்தக் கடவுள் என்ற கேள்வி நிற்கும். துக்கம் எங்கிருந்து வருகிறது, அதற்கு என்ன முடிவு என்பது அவர்களுடைய சொந்தக் கேள்வி. அங்கே தொடங்குங்கள். போயா நாளில் ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம்.

யோசேவ் வாஸ் முனிவரை நினைத்துப் பாருங்கள். நான் கத்தோலிக்கன் அல்ல, ஆனாலும் எனக்கு அவர் மேல் பெரிய மதிப்பு. கோவாக்காரர். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல் பிச்சைக்காரர் வேஷத்தில் இந்தத் தீவுக்கு வந்தார். தமிழும் படித்தார், சிங்களமும் படித்தார். கண்டியில் உளவாளி என்று பிடித்து அடைத்தார்கள். 1697இல் அங்கே பெரியம்மை பரவினபோது, மற்றவர்கள் விட்டுவிட்டு ஓடிய நோயாளிகளைத் தானே கழுவி, கஞ்சி கொடுத்து, செத்தவர்களைப் புதைத்தார். 2015 ஜனவரி 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் வைத்து அவரைப் புனிதராக அறிவித்தபோது சிங்களவரும் தமிழரும் ஒரே திடலில் நின்றார்கள்.

கத்தோலிக்க ஆக்களுக்கும் போய் நாங்க சுவிசேஷம் சொல்லோணுமா?

இன்னொருவர் போட்ட அத்திபாரத்தின் மேல் கட்டமாட்டேன் என்று பவுல் எழுதினார் (ரோமர் 15:20). பாலையூற்று மாதா கோயிலுக்குப் போகிற குடும்பத்தை உங்கள் சபைக் கணக்கில் சேர்ப்பதற்காகப் போகவேண்டாம்.

தத்துவ போதகர் காவி உடுத்தவர்தானே. நாங்களும் திருநீறு பூசிக்கொண்டு போனா என்ன?

தத்துவ போதகர் என்று பெயர் எடுத்த ரொபேர்ட் தெ நொபிலி, 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியக் கத்தோலிக்கக் குரு. காவி உடுத்து, மாமிசம் விட்டு, தமிழும் வடமொழியும் படித்தார். பூணூல், குடுமி முதலியவை சமயச் சின்னமா, சமூகச் சின்னமா என்று பெரிய வழக்கே நடந்து, 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி அவற்றை நிபந்தனையோடு அனுமதித்தார். தமிழுக்காக அவர் பட்ட பாட்டை நான் மதிக்கிறேன். ஆனால் உயர்சாதிக்காரரை அணுகுவதற்காக அவர் மற்றச் சாதிக் கிறிஸ்தவர்களிடமிருந்து தள்ளியே வாழ்ந்தார். அந்த இடத்தில் என்னால் அவரோடு போக ஏலாது.

அந்தியோகியாவில் பேதுருவுக்கும் இதே பிழை நடந்தது (கலாத்தியர் 2). புறஜாதியாரோடு ஒன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் எழும்பி விலகினார். வந்தவர்களுக்கு ஏற்ற மாதிரி நடந்தேன் என்று அவர் நினைத்திருப்பார். பவுல் எல்லாருக்கும் முன்னால் வைத்துக் கண்டித்தார். ஒருவருக்காக நீங்கள் மாறுகிற மாற்றம் இன்னொருவரைப் பந்தியிலிருந்து எழுப்புகிறதா என்று பாருங்கள். எழுப்பினால் அதைச் செய்யாதீர்கள். சாதி பார்க்கிற வீட்டில் இடம் கிடைக்கவேண்டுமென்று, உங்களோடு வந்த சகோதரனை முற்றத்தில் நிற்கவைக்காதீர்கள். எங்கள் சபைகளிலும் இது நடந்திருக்கிறது.

திருநீற்றைப் பற்றி: பூசுகிறவருக்கு அது சிவ சின்னம், வெறும் அலங்காரமல்ல. நாங்கள் பூசினால் எங்கள் விசுவாசத்துக்கும் பொய், அவர்களுடையதற்கும் அவமரியாதை. பவுல் தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் செய்வித்தார், தீத்துவுக்குச் செய்ய விடவில்லை. முன்னவர் யூதத் தாயின் பிள்ளை, யூதர் நடுவே வேலைசெய்ய அது உதவியது. பின்னவருக்கு அதைச் செய்தால்தான் இரட்சிப்பு என்று சிலர் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். வெளிப்பார்வைக்கு ஒரே செயல்தான்.

பசிக்கிற ஆளுக்கு உதவி செய்துகொண்டே சொன்னா என்ன பிழை?

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நான் ஒரு குழுவோடு நிவாரணப் பொதி கட்டினேன். அரிசி, பருப்பு, சீனி, பால்மா, சவர்க்காரம். கடைசியில் ஒருவர் ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு துண்டுப்பிரசுரம் வைத்தார். நானும் வைத்தேன். முகாமில் ஒரு அம்மா பையை வாங்கி, உள்ளே கையை விட்டு, அந்தத் தாளை மட்டும் எடுத்து மடித்து என் கையில் திருப்பித் தந்தார். கடல் அவருடைய இரண்டு பிள்ளைகளைக் கொண்டுபோயிருந்தது. "இதை வாங்கினாத்தான் அரிசியோ, தம்பி?" என்று கேட்டார். இல்லை அம்மா என்றேன். ஆனால் அந்தப் பையின் அமைப்பு ஓம் என்றுதான் சொன்னது.

ஒல்லாந்தர் உத்தியோகம் காட்டி ஞானஸ்நானம் கொடுத்ததை மேலே சொன்னேன். பை சின்னதாக இருந்தாலும் அதே வேலைதான். உதவியை எல்லாச் சமயத்தாருக்கும் கொடுங்கள், பெயர் எழுதி வைக்காதீர்கள், கொடுக்கிற கையோடு பிரசங்கம் பண்ணாதீர்கள். ஏன் செய்கிறீர்கள் என்று அவர்களாகக் கேட்டால் வேறொரு நாள் வெறுங்கையோடு போய்ச் சொல்லுங்கள்.

சட்டம் என்ன சொல்லுது? இது குற்றமெண்டு ஒரு ஆள் வெருட்டினார்.

அரசியலமைப்பின் 10ஆவது உறுப்புரை, விரும்பின சமயத்தைக் கொண்டிருக்கவும் தெரிவுசெய்யவும் எல்லாருக்கும் உரிமை தருகிறது. 14ஆவது உறுப்புரை வழிபாட்டிலும் போதனையிலும் அதை வெளிக்காட்டப் பிரஜைகளுக்கு உரிமை தருகிறது. 9ஆவது உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிறது. சமயத்தைப் பரப்புவது இந்த உரிமைகளுக்குள் அடங்காது என்ற நிலைப்பாட்டை 2003இல் உயர் நீதிமன்றம் எடுத்தது. கட்டாய மதமாற்றத்தைத் தடுக்க 2004இல் வந்த சட்டமூலம் நிறைவேறவில்லை. ஆகவே ஒருவர் சுயமாக மனம் மாறுவது குற்றமல்ல. ஆனால் இன்னொரு சமயத்தாரின் உணர்வை வேண்டுமென்றே புண்படுத்துவது தண்டனைச் சட்டக்கோவையின் கீழ்க் குற்றம். அது சட்டத்தில் இல்லாவிட்டாலும் எங்களுக்குக் குற்றம்தான். சின்னப் பிள்ளைகளைப் பெற்றோருக்குத் தெரியாமல் ஓய்வுநாள் பாடசாலைக்குக் கூட்டிக்கொண்டு போகவே வேண்டாம்.

செத்த வீட்டில சொல்லலாமா? மனம் இளகியிருக்கிற நேரமெல்லோ.

இளகியிருக்கிற நேரம் என்பதாலேயே கூடாது. யோவான் 11ஐ எடுங்கள். லாசரு செத்த வீட்டில் மார்த்தாள் வந்து, நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் மரித்திருக்கமாட்டான் என்கிறாள் (21ஆம் வசனம்). பிறகு மரியாள் வந்து அதையே சொல்கிறாள் (32ஆம் வசனம்). மார்த்தாளோடு இயேசு உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசினார். மரியாளிடம் ஒரு போதனையும் சொல்லவில்லை, அழுதார். ஒரே வீடு, ஒரே துக்கம், ஒரே வசனம். ஆள் வேறு. ஆள் பார்த்துப் பேசுவதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

பொங்கல் தட்டு மாமியின் புருசன் செத்தபோது நான் போய்ப் பின்பக்கம் அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றினேன். மூன்று நாள் கதிரை தூக்கினேன். வேறொன்றும் செய்யவில்லை. அந்தியேட்டி முடிந்த பிறகு ஒரு பின்னேரம் மாமி வேலியடிக்கு வந்து, "உங்கட ஆக்கள் செத்த வீட்டில என்ன சொல்லுவாங்க?" என்று கேட்டா. இயேசு அழுத கதையைச் சொன்னேன். ஐந்து நிமிடம்கூட இல்லை.

அப்பா சைவம். அவர் கண்ணை மூடினா நான்தான் கொள்ளி வைக்கோணும். நான் என்ன செய்றது?

மூத்த மகன் ஒருவர் அழுதுகொண்டு கேட்ட கேள்வி. 2 இராஜாக்கள் 5இல் நாகமான், இஸ்ரவேலின் தேவனைத்தான் இனிக் கும்பிடுவேன், ஆனால் என் எசமான் என் கையைப் பிடித்துக்கொண்டு ரிம்மோன் கோவிலுக்குள் குனியும்போது நானும் குனியவேண்டிவரும், அதை மன்னிக்கவேண்டும் என்கிறான். எலிசா சட்டம் பேசவில்லை. "சமாதானத்தோடே போ" என்றார். அதை வைத்து எல்லாம் சரி என்று சொல்லவரவில்லை. அந்த இக்கட்டு தேவனுக்குத் தெரியும் என்றுதான் சொல்கிறேன்.

அப்பா உயிரோடு இருக்கும்போதே அவரோடு கதையுங்கள். "அப்பா, நெருப்பு வைக்கிறது மகன்ர கடமை, அதை நான் செய்வன். மந்திரம் சொல்லி, பிண்டம் வைக்க எனக்கு ஏலாது, அதைத் தம்பி செய்யட்டும்" என்று ஒருவர் சொன்னார். அப்பா இரண்டு நாள் கதைக்கவில்லையாம். மூன்றாம் நாள், "பாடையைத் தூக்குவாய்தானே?" என்று கேட்டாராம். எல்லா அப்பாவும் இதை ஏற்கமாட்டார்கள், எல்லா விசுவாசியின் மனச்சாட்சியும் ஒரே இடத்தில் கோடு கிழிக்காது. உங்கள் போதகரோடும் இருந்து கதையுங்கள். ஆனால் செத்த வீட்டு முற்றத்தில், சொந்தக்காரர் எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்க, அம்மா தலைவிரித்து அழ, அப்போது முதல்முறையாக "நான் கிறிஸ்தவன், செய்யமாட்டன்" என்று சொல்லாதீர்கள்.

எவ்வளவோ பார்த்துப் பார்த்துக் கதைச்சும் ஒருத்தரும் வரேல்ல. நான் எங்க பிழை விட்டனான்?

முதல் கேள்வியில் எழுதிய வசனத்தைத் திரும்பப் பாருங்கள். "சிலரை" என்றுதான் இருக்கிறது. அத்தேனேயில் அத்தனை அழகாகப் பேசியும் வந்தவர்கள் சிலர்தான். லீஸ்திராவில் கல்லெறிந்து செத்தான் என்று ஊருக்கு வெளியே இழுத்துப் போட்டார்கள்.

பக்கத்து வீட்டு மாமி இன்றைக்கும் சைவம். வெள்ளிக்கிழமை பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போவா. புருசனின் ஆண்டுத் திவசம் கழிந்து வந்த தைப்பொங்கலுக்கு, பதினொரு வருடத்துக்குப் பிறகு, அதே எவர்சில்வர் தட்டு வேலிக்கு மேலால் வந்தது. நான் அதை உள்ளே கொண்டுபோகவில்லை. படலையைத் திறந்துகொண்டு போய் மாமியின் விறாந்தைப் படியில் இருந்து, அவவுக்கு முன்னாலேயே கையால் வழித்துச் சாப்பிட்டேன். கஜுவை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தேன். மாமி பார்த்துக்கொண்டே இருந்தா. கொஞ்ச நேரம் கழித்து, "அண்டைக்கு உங்கட ஆள் அழுதவரெண்டு சொன்னியே பிள்ளை, அந்தக் கதையைத் திருப்பி ஒருக்காச் சொல்லு" என்றா.